அந்தக் கசெற் விளையாட்டுகளைச் செய்தவர்களின் பெயரையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பழைய வீடியோ விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்று இப்படியொரு விடயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஸ்பேஸ் இன்வேடர்ஸை உருவாக்கிய நிஷிகாடோவையும் பக்-மானை உருவாக்கிய இவாதானியையும் எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் கட்டுரையின் கடைசிப் பகுதி எனக்கு மனத்தாங்கலைத் தந்தது. எண்பதுகளில் வீட்டுக் கணினிகளுக்கு வந்த அதே விளையாட்டுகள் மலிவான போலிகள், இன்று மூல விளையாட்டையே கைத்தொலைபேசியில் விளையாடலாம் என்பதால் அவற்றை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்ற கருத்துப்பட அதில் எழுதப்பட்டிருந்தது.

அந்தப் போலிகளை நான்கு வருடம் என் கையால் எடுத்து விற்றவன் நான். அதைவிட முக்கியம், அவற்றை என் மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து விளையாடியவன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தேன். அக்காவும் அத்தானும் ரூட்டிங்கில் இருந்தார்கள். பகலில் கல்லூரி, மாலையிலும் சனி ஞாயிறிலும் ஒரு பத்திரிகைக் கடையில் வேலை. பத்திரிகை, பால், சிகரெட், இனிப்பு விற்கும் சின்னக் கடை. காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் சுற்றிவிடக்கூடிய கம்பித் தட்டு ஒன்று நின்றது. அதில் கசெற்றுகள். பாட்டுக் கசெற் அல்ல, கணினி விளையாட்டுகள். கீழ்த் தட்டுகளில் 1 பவுண் 99 பென்ஸ் சாமான்கள். கணினிக் கடைக்கு வெளியே, எங்களைப் போன்ற பத்திரிகைக் கடைகளிலும் விளையாட்டு விற்கலாம் என்று காட்டியது மாஸ்டர்ட்ரோனிக் என்ற நிறுவனம். மேல் தட்டில் எட்டு, ஒன்பது பவுண் விலையில் புதிய விளையாட்டுகள். அந்த மேல் தட்டு அட்டைகளில் பாதிக்கு ஏதாவதொரு ஆர்கேட் விளையாட்டின், அதாவது கடைகளில் காசு போட்டு விளையாடும் பெரிய இயந்திரத்தில் வந்த விளையாட்டின், பெயர்தான் இருக்கும்.

எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு மீன் சிப்ஸ் கடை. அதன் கதவடியில் எப்போதும் ஒரு ஆர்கேட் இயந்திரம் நிற்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒருவர் வந்து உள்ளே இருக்கும் விளையாட்டை மாற்றிவிட்டுப் போவார். 1988இல் அதில் ஆர்-டைப் வந்தது. ஜப்பானின் ஐரெம் நிறுவனம் அதற்கு முதல் வருடம்தான் அதை வெளியிட்டிருந்தது.

என் மருமகனுக்கு அப்போது 11 வயது. ஒரு ஆட்டத்துக்கு 20 பென்ஸ். வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா மீன் வாங்க அனுப்பினால் மிச்சக்காசு வீட்டுக்கு வராது. காசு முடிந்த பிறகும் அவன் நகரமாட்டான். பெரிய பெடியன்கள் விளையாடுவதைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் போய்க் கூட்டிவருவேன். பிறகு நானும் நின்று பார்க்கத் தொடங்கினேன். அந்தச் சின்ன விண்கலத்தின் மூக்கில் ஒரு உருண்டை வந்து ஒட்டிக்கொள்ளும். அதை முன்னுக்கும் பொருத்தலாம், பின்னுக்கும் பொருத்தலாம், எறிந்துவிட்டுத் திரும்பவும் கூப்பிடலாம். சுடும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்து விட்டால் பெரிய ஒளிக்கற்றை பாயும். மூன்றாம் கட்டம் முழுவதும் ஒரேயொரு எதிரிக் கப்பல்தான். திரைக்குள் அடங்காத அளவு பெரியது. சுற்றிச் சுற்றி வந்து துண்டு துண்டாக உடைக்க வேண்டும். அப்படியொன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் அதே ஆர்-டைப் கசெற்றாக எங்கள் கம்பித் தட்டுக்கு வந்தது. முதலாளி எனக்குக் கொள்முதல் விலைக்கே தந்தார். வீட்டில் இருந்தது ஸ்பெக்ட்ரம் பிளஸ் 2 என்ற வீட்டுக் கணினி, அத்தான் 149 பவுண் கொடுத்து வாங்கியது. கசெற்றைப் போட்டோம். திரையின் விளிம்பில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓட, காதைக் கிழிக்கும் அந்தக் கீச்சொலியோடு ஐந்து நிமிடம் போல் காத்திருந்தோம். முதல் கட்டம் தொடங்கியது. அவன் ஒன்றும் பேசவில்லை. உருண்டை வந்தது, மூக்கில் ஒட்டியது. பின்னுக்குப் பொருத்திப் பார்த்தான். எறிந்து பார்த்தான். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, எல்லாம் கிடக்கு!” என்றான்.

எல்லாம் இருந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கல்லூரியில் கணினிப் பாடம் படித்துக்கொண்டிருந்ததால் ஸ்பெக்ட்ரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். உங்கள் வாசகர்களுக்கும் அதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் யாரும் அவற்றைப் போலி என்று சொல்லமாட்டார்கள்.

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 192 புள்ளி. புள்ளிகளைப் பதிந்துவைக்க 6,144 பைட். நிறத்துக்குத் தனியாக 768 பைட் மட்டும். ஏன் இவ்வளவு குறைவு? புள்ளிக்குப் புள்ளி நிறம் கிடையாது. கணக்குப் பாடத்துச் சதுரக்கோட்டுக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். திரை முழுவதும் 8க்கு 8 புள்ளி கொண்ட 768 சதுரங்கள். ஒரு சதுரத்துக்குள் இரண்டே நிறம். சிவப்பு விமானம் ஒன்று பச்சை மரத்தைக் கடந்தால் மரமும் சிவப்பாகிவிடும், இல்லையென்றால் விமானம் பச்சையாகிவிடும். அந்தக் காலத்து ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளில் நிறம் ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு வருவது இதனால்தான்.

அதுகூடப் பரவாயில்லை. ஆர்கேட் இயந்திரத்துக்குள் உருவங்களை நகர்த்தவும் பின்னணியை ஓடவைக்கவும் தனித்தனிச் சில்லுகள் இருந்தன. அந்தக் காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான கொமடோர் 64இலும் எட்டு உருவங்களைத் தானாகவே கையாளும் சில்லு இருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. இசட் 80 என்ற ஒரே செயலிதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். அது விநாடிக்கு 35 இலட்சம் துடிப்பு துடிக்கும். ரீவி விநாடிக்கு 50 தரம் படத்தைப் புதுப்பிக்கும். அப்படியென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 70,000 துடிப்பு. ஒரு பைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் சாதாரணக் கட்டளைக்கு 21 துடிப்பு செலவாகும். 6,144 பைட்டையும் நகர்த்தக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 129,000 துடிப்புக்கு மேல் வருகிறது. பின்னணியை ஒருமுறை நகர்த்தவே இரண்டு படத்துக்குரிய நேரம் போய்விடும். எதிரிகளை வரைவது, குண்டு பட்டதா என்று பார்ப்பது, இசை போடுவது எல்லாவற்றுக்கும் நேரம் எங்கே?

இந்தக் கணக்குக்குள் நின்றுதான் பொப் பேப் என்பவர் ஆர்-டைப்பை ஸ்பெக்ட்ரத்துக்கு எழுதினார். படங்களை வரைந்தவர் மார்க் ஏ. ஜோன்ஸ். விண்வெளி கறுப்பு என்பதை அவர்கள் பயன்படுத்திக்கொண்ட விதத்தைப் பாருங்கள். கறுப்புக்கு மேல் ஒரு நிறம் போனால் சதுரத்துக்கு இரண்டே நிறம்தான். எதிரிகளையும் சுவர்களையும் அந்தச் சதுரங்களுக்குள் பொருந்தும்படி அளந்து வைத்தார்கள். மற்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் பல நிறச் சண்டைக்குப் பயந்து திரை முழுவதையும் ஒரே நிறமாக்கிவிட்டிருந்த காலத்தில் ஆர்-டைப்பில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் தெளிவாக நின்றன. பேப் பல வருடங்களுக்குப் பிறகு அந்த வேலையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி, எவரும் காசில்லாமல் வாசிக்கும்படி வெளியிட்டார். நான் இரண்டு இரவில் வாசித்து முடித்தேன்.

இந்தத் தொழிலில் இருந்த பலர் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன ஒரு விடயம் இருக்கிறது. மூல விளையாட்டின் நிரல் அவர்களுடைய கைக்கு வரவேயில்லை. உரிமையை வாங்கிய நிறுவனம் ஒரு ஆர்கேட் இயந்திரத்தைக் கொண்டுவந்து அறையில் வைக்கும், அவ்வளவுதான். அதை விளையாடி, வீடியோவில் பதிந்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த எதிரி எந்த இடத்தில் வருகிறான், எத்தனை அடிக்குச் சாகிறான் என்று தாளில் குறித்து, படங்களைக் கண்ணால் பார்த்துத் திரும்ப வரைய வேண்டும். மான்செஸ்டரில் ஓஷன் நிறுவனத்தார் இதையெல்லாம் செய்தது குவேக்கர் கிறிஸ்தவர்களின் ஒன்றுகூடல் மண்டபத்துக்குக் கீழே இருந்த நிலக்கீழ் அறைகளில். இருபது வயதுப் பிள்ளைகள், ஒரு விளையாட்டுக்கு ஒருவர் அல்லது இருவர், சில மாதம்தான் தவணை. கிறிஸ்மஸுக்கு முன் கடைக்கு வந்தாக வேண்டும்.

போதிய நேரம் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆர்-டைப்பே சாட்சி. அம்ஸ்ராட் கணினிக்கு வந்த ஆர்-டைப், ஸ்பெக்ட்ரம் நிரலையே எடுத்து மூன்று வாரத்தில் மாற்றியது. அந்தக் கணினிக்குச் சதுரத்துக்கு இரண்டு நிறம் என்ற கட்டுப்பாடே கிடையாது. ஆனால் அதைப் பயன்படுத்த நேரம் இல்லை. அதைச் செய்தவரை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று வாரத்தில் யாராலும் அவ்வளவுதான் முடியும். 2012இல், அந்தக் கணினிகள் விற்பனையிலிருந்து போய் இருபது வருடத்துக்குப் பிறகு, பிரான்ஸில் அம்ஸ்ராட் அபிமானிகள் சிலர் சேர்ந்து அதைத் திருப்பிச் செய்து, வேண்டிய நிறங்களோடு இலவசமாக வெளியிட்டார்கள். போலி ஒன்றுக்காக யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா?

மோசமானவையே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் கிறிஸ்மஸுக்கு ஒரு கார்ப் பந்தய விளையாட்டு வந்தது. பெயர் வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் இருந்த படங்கள் ஆர்கேட் இயந்திரத்தின் படங்கள். உள்ளே இருந்தது வேறு. ஓரத்தில் நுள்ளளவு எழுத்தில், படங்கள் வேறு இயந்திரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஒரு வரி. கார் நகர்ந்தது என்று சொல்வதைவிட வீதி விட்டு விட்டுத் துடித்தது என்று சொல்லலாம். மருமகன் சேர்த்துவைத்த காசில் வாங்கினான். இரண்டு தரம் விளையாடிவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். அழவும் இல்லை, திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அதை என் கடையில் என் கையால் எடுத்துக் கொடுத்தவன் நான் என்பதால் அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அட்டையின் பின்பக்கத்தை வாசிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கசெற்றும் நான் கொடுக்கவில்லை.

அதே ஸ்பெக்ட்ரத்தில் நல்ல கார் விளையாட்டுச் செய்ய முடியாது என்று அன்று நினைத்தேன். 1989இல் ஓஷன் வெளியிட்ட சேஸ் எச்.கியூ. அந்த நினைப்பை மாற்றியது. தைத்தோவின் ஆர்கேட் விளையாட்டு அது. கள்வனின் காரைத் துரத்திப் போய் இடிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்துக்கு எழுதியவர் ஜோன் ஓ'பிரையன், வரைந்தவர் பில் ஹார்பிசன். வீதிக்கும் கார்களுக்கும் நிறத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக வேகத்தை எடுத்தார்கள். மேடு ஏறி இறங்கும்போது வயிறு குளிரும். பிளஸ் 2இல் வானொலியில் பேசும் குரல்கூட வந்தது. எதை விடுவது, எதை வைத்திருப்பது என்று அவர்கள் எடுத்த முடிவில்தான் விளையாட்டு உயிரோடு வந்தது.

எங்கள் ஊரில் கோயில் திருவிழா இரவுகளில் மெல்லிசைக் கோஷ்டி வரும். சென்னையில் ஐம்பது வயலினோடு பதிவான பாட்டை ஒரு ஓர்கன், ஒரு கிற்றார், தபேலா, ட்ரம்ஸோடு வாசிப்பார்கள். ஐம்பது வயலினையும் அந்த ஓர்கன்காரன் இரண்டு கையால் எப்படியோ கொண்டுவருவான். எல்லாச் சுரத்தையும் வாசிக்க முடியாது. எந்தச் சுரத்தை விட்டால் சனம் கண்டுபிடிக்கும், எதை விட்டால் கண்டுபிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். அந்த ஆளை நாங்கள் போலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. விடிய விடிய இருந்து கேட்டோம், அவருடைய பெயரையும் தெரிந்துவைத்திருந்தோம்.

இசை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கப்கொம் நிறுவனத்தின் கமாண்டோ 1985இல் ஆர்கேட்டுக்கு வந்து, அதே வருடமே கொமடோர் 64க்கும் வந்தது. அதற்கு இசையமைத்த ரொப் ஹப்பார்ட் பின்னாளில் ஒரு பேட்டியில் அதைப் பற்றிச் சொன்னார். இரவு அலுவலகத்துக்குப் போய், மூல இசையை ஒருமுறை கேட்டுவிட்டு, இரவு முழுவதும் இருந்து எழுதினாராம். காலை எட்டு மணிக்கு மற்றவர்கள் வந்தபோது கட்டடத்திலிருந்த எல்லாக் கொமடோரிலும் அந்த இசை ஓடிக்கொண்டிருந்ததாம். காசோலையை வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் ரயில் ஏறிவிட்டார். அந்தச் சில்லில் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் ஒலிக்கும். மூன்றே குரலில் அவர் செய்தது மூலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களில் நானும் ஒருவன்.

மூல விளையாட்டில் எது உயிர் என்று கண்டுபிடிப்பது சின்ன வேலை அல்ல. உங்கள் கட்டுரையில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸையே எடுங்கள். 55 எதிரிகள் மெதுவாக இறங்கி வருவார்கள். சுடச் சுட மிச்சமுள்ளவர்கள் வேகமாவார்கள். கடைசி ஆள் பறப்பான். அந்த வேகத்தை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. 8080 செயலி ஒரு படத்துக்கு ஒரு எதிரியைத்தான் நகர்த்தியது. ஆட்கள் குறைந்தால் முறை சீக்கிரம் வரும். நிஷிகாடோ அதைக் கவனித்து, அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். இதை வேறு கணினிக்குக் கொண்டுபோனவர் அந்த வேகத்தை வேண்டுமென்றே எண்ணிக் கட்ட வேண்டும். அதைக் கவனிக்காதவர்கள் செய்த பதிப்புகளில் எதிரிகள் கடைசிவரை ஒரே வேகத்தில் வருவார்கள். படம் ஒன்றுபோல இருக்கும், நெஞ்சு படபடக்காது.

பக்-மானும் அப்படித்தான். ஆர்கேட்டின் திரை நிமிர்ந்து நின்றது. வீட்டு ரீவி படுத்துக் கிடந்தது. அதனால் பாதைகளை அமுக்கி மாற்றாமல் யாராலும் கொண்டுவர முடியவில்லை. ஆனால் சிவப்புப் பேய் நேரே துரத்தும், இளஞ்சிவப்புப் பேய் எங்களுக்கு நாலு கட்டம் முன்னால் இலக்கு வைத்து மறிக்கப் பார்க்கும் என்ற குணங்களை வைத்திருந்த பதிப்பில் பாதை மாறினாலும் பயம் அதே பயம். எங்கள் கல்லூரியில் பிபிசி மைக்ரோ கணினிகள் இருந்தன. அதில் ஸ்னப்பர் என்று ஒன்று, ஏகோர்ன்சொஃப்ட் 1982இல் வெளியிட்டது. முதலில் அது பக்-மானை அப்படியே ஒத்திருந்ததால் பிறகு உருவங்களை மாற்ற வேண்டி வந்தது. பேய்களுக்குப் பதில் வேறு பிராணிகள், மஞ்சள் வாய்க்குக் காலும் தொப்பியும். உரிமை வாங்காமல் செய்தது சரியல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிரல் என்ன அழகு! மத்தியான இடைவேளையில் விரிவுரையாளர்களும் வரிசையில் நின்றார்கள்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே 1987இல் ஷார்ப் நிறுவனம் விற்ற எக்ஸ் 68000 கணினியில் ஆர்கேட் விளையாட்டுகள் அச்சொட்டாக வந்தன. பெட்டியோடு கிரேடியஸ் விளையாட்டே சேர்ந்து வந்தது. விலையும் அப்படி, மூன்றரை இலட்சம் யென்னுக்கு மேல். எங்கள் தெருவில் அதை வாங்கக்கூடியவர் எவரும் இருக்கவில்லை. ரூட்டிங்கில் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆர்கேட் வந்து சேர்ந்தது ஸ்பெக்ட்ரத்திலும் கொமடோரிலும்தான்.

எங்கள் வீட்டுக்கு அதிகம் சந்தோஷம் தந்தது பபிள் பொபிள். மருமகளுக்கு எட்டு வயது. அவளுக்குச் சுடுவது, இடிப்பது எதுவும் பிடிக்காது. இரண்டு குட்டி டிராகன்கள், வாயால் குமிழி ஊதி எதிரியை அடைக்க வேண்டும். 100 கட்டங்கள், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். ஸ்பெக்ட்ரத்துக்கு எழுதியவர் மைக் ஃபொலின், கொமடோருக்கு எழுதியவர் ஸ்டீவன் ரடி. 1989 குளிர்காலத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வராத நாட்கள் நிறைய. அக்காவும் அத்தானும் முன்னறையில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார்கள். பின்னறையில் இந்த இரண்டு பிள்ளைகளும் சண்டை பிடிக்காமல் ஒன்றாக இருந்த ஒரேயொரு நேரம் அந்தக் குமிழி நேரம். அதைச் செய்து தந்த ஒரு மனிதருக்குப் பெயர் இருந்தது என்பதே எங்களுக்கு அன்று தெரியாது. அட்டையின் முன்பக்கத்தில் ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் இருக்கும், இங்கிலாந்தில் வெளியிட்டவர்களின் பெயர் இருக்கும். செய்தவரின் பெயர் உள்ளே சின்ன எழுத்தில். பல கசெற்றுகளில் அதுவும் இல்லை.

கொனாமி நிறுவனத்தின் கிரீன் பெரெற் விளையாட்டை ஸ்பெக்ட்ரத்துக்குக் கொண்டுவந்த ஜொனதன் ஸ்மித்தை அந்தத் துறையில் எல்லாரும் ஜொஃபா என்று அன்பாகக் கூப்பிடுவார்களாம். அவர் 2010இல் காலமாகிவிட்டார். நான் அவருடைய பெயரை முதன்முதலில் அறிந்ததே அந்த இரங்கல் குறிப்புகளில்தான். அவர் செய்த கசெற்றை எத்தனை பிள்ளைகளுக்குக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்திருப்பேன்!

மூல விளையாட்டை இன்று தொலைபேசியிலேயே விளையாடலாம் என்பது உண்மை. 1997இல் தொடங்கிய மேம் என்ற மென்பொருள் ஆயிரக்கணக்கான ஆர்கேட் இயந்திரங்களை அழியவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கும் என் வணக்கம். ஆனால் மேம் செய்வது ஆர்கேட் நிரலை அப்படியே ஓடவைப்பது. பேப்பும் ஓ'பிரையனும் ஃபொலினும் எழுதியது வேறு நிரல், தங்கள் தலைக்குள் இருந்து எழுதியது. ஒன்று கிடைக்கிறது என்பதற்காக மற்றதை எறிய முடியாது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் உங்களுக்கு. இந்த வரிசையில் இனியும் கட்டுரை வருமானால், வீட்டுக் கணினிப் பதிப்பைப் பற்றி எழுதும் இடத்தில் அதைச் செய்தவரின் பெயரைப் போடுங்கள். மொழிபெயர்ப்பு நூலுக்கு மதிப்புரை எழுதும்போது மொழிபெயர்த்தவரின் பெயரை உங்கள் பத்திரிகை தவறாமல் போடுகிறது. அதே மரியாதைதான் கேட்கிறேன்.

அடுத்தது வாசகர்களுக்கு. லண்டனிலும் மற்ற இடங்களிலும் உங்கள் வீட்டுப் பரணில் இந்தக் கசெற்றுகள் கிடக்கும். கலியாண வீடியோவும் பக்திப்பாட்டுக் கசெற்றும் போட்ட பெட்டியின் அடியில் பாருங்கள். எங்கள் அக்கா வீட்டில் அங்கேதான் இருந்தன. எறிந்துவிடாதீர்கள். கசெற்றோடு அட்டையையும் சேர்த்து வையுங்கள், பெயர் அதில்தான் இருக்கும். பதிவுசெய்வது கடினமல்ல. நல்ல கசெற் பிளேயர் ஒன்றின் ஹெட்போன் துவாரத்திலிருந்து கணினிக்கு ஒரு வயர் போட்டு, சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதியுங்கள், எம்.பி.3 ஆகப் பதிந்தால் தரவு கெட்டுப்போகலாம். அதற்கு முன் பிளேயரில் நாடாவை வாசிக்கும் தலையை ஐசோபுரோப்பில் அல்ககோலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியை மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள்; கீச்சொலி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பழைய நாடா சில வேளை ஒருமுறைதான் ஒழுங்காக ஓடும். அதனால் முதல் ஓட்டத்திலேயே பதியுங்கள்.

சென்ற மாதம் மருமகனும் நானும் அக்கா வீட்டுப் பரணிலிருந்து 63 கசெற்றுகளை இறக்கினோம். அவனுடைய மகளுக்கு இப்போது 11 வயது, அவளும் பக்கத்தில் இருந்தாள். 61 பதிவாகிவிட்டன. ஆர்-டைப்பும் அதில் ஒன்று. ஐந்து நிமிடக் கீச்சொலியை அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு முழுவதும் இருந்து கேட்டாள். மிச்சம் இரண்டில் ஒன்று பபிள் பொபிள். முதல் பாதி வருகிறது, பிறகு நாடா சுருங்கியிருக்கிறது. பிளஸ் 2க்குரிய அந்தக் கசெற் அட்டையோடு யாரிடமாவது இருந்தால், உங்கள் பத்திரிகை அலுவலகம் மூலமாக எனக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். நானே பிளேயரைக் கொண்டுவந்து பதிந்துவிட்டு, கசெற்றை அன்றைக்கே திருப்பித் தருவேன்.

அன்புடன்,
நீண்டகால வாசகர் ஒருவர்,
ரூட்டிங், லண்டன்